பிளக் இடைவெளி

ஜூன் 22, திங்கள்

புது டர்போ ஏறிவிட்டது. என் மனைவி கோகிலவாணியின் ரேலி கார் இனி வேறு கார். இன்ஜின் சின்னதுதான், மூன்று சிலிண்டர். ஆனால் டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்போது அது தன் அளவை மறந்துவிடுகிறது.

அடுத்த வேலை ஸ்பார்க் பிளக். கம்பெனி போட்டுத் தந்த நம்பர் இனி ஆகாது. பிளக்கின் நுனி தான் வாங்கிய சூட்டை உடனே இறக்கிவிட வேண்டும். இறக்காமல் தணல் மாதிரிக் கனன்றுகொண்டிருந்தால், பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். நாலு தடவை அப்படிப் பற்றினால் பிஸ்டனில் ஓட்டை. அதனால் கொஞ்சம் கூல் பிளக் வேண்டும். ரொம்பக் கூலாகப் போட்டாலோ மெதுவாகப் போகையில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். மேஜைமேல் மூன்று பெட்டி வைத்திருக்கிறேன்: கம்பெனி நம்பர், ஒரு படி கூல், இரண்டு படி கூல்.

இன்னொன்று இடைவெளி. நுனிக்கும் எதிரே வளைந்து நிற்கிற கம்பிக்கும் நடுவே உள்ள சந்து. பொறி அதைத் தாண்டித்தான் குதிக்கிறது. டர்போ அழுத்தம் ஏற ஏற அது குதிப்பது கஷ்டம்; சந்து அகலமாக இருந்தால் ஊதின விளக்கு மாதிரி அணைந்துவிடும். அதனால் கம்பெனி சொன்ன 0.8 மில்லிமீட்டரை 0.6 ஆக்க வேண்டும்.

கோகிலா சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து வந்தாள். அங்கே ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறாள். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “எதுங்க மாமா?” என்றாள்.

“ஒரு படி கூல். சந்து ஜீரோ பாயின்ட் ஆறு.”

“நீங்க சொன்னாச் சரிதானுங்க.” மாவு ஆட்டப் போய்விட்டாள்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை அளவு வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு டீ அதிகம்.

ஜூன் 25, வியாழன்

நிலோஃபர் வந்திருந்தாள். கோகிலாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எது, எவ்வளவு வேகம் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருபவள். வங்கியில் கேஷியர். ரேலியன்று மட்டும் வேறு ஆள்.

ரேலி ஜூலை 11, 12. பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைக் காட்டில், செம்மண் தடத்தில். போன வருடம் நடந்த அதே இடம்.

“அண்ணா, மெட்ராஸ் டீம்காரங்க வர்றாங்களாம். எங்க வண்டி கிளாஸ்ல முதலா வந்தா அடுத்த வருஷம் பூரா அவங்க டீம்ல சீட் தர்றேன்னிருக்காங்க. ரெண்டு பேருக்கும்!”

கோகிலா சிரித்ததைப் பார்த்தேன். அப்படி அவள் சிரித்து நாளாகிறது. வருடம் முழுவதும் என்றால் ஏழு ரேலி. நல்ல செய்திதான். என் மெக்கானிக் கடையில் இரண்டு கிளட்ச் வேலை பாக்கி இருந்ததால் எழுந்து போனேன்.

ஜூன் 28, ஞாயிறு

காற்றாலைக் காட்டுக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். நான் லேப்டாப்போடு பக்கத்து சீட்டில். மூன்றாவது கியரில் டர்போ பிடிக்கும்போது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு மேட்டைத் தாண்டும்போது நாலு சக்கரமும் தரையை விட்டன. அந்த நேரத்தில் அழுத்தம் எவ்வளவு என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. திரையில் வெயில் அடித்தது.

“எப்பிடிங்க இருக்குது?” என்றாள்.

“நல்லா இருக்குது.”

“நல்லாவா? எம்பட வாழ்க்கையில இப்பிடி ஒரு இன்ஜினை நான் ஓட்டுனதில்லீங்க மாமா.”

ஜூன் 29, திங்கள்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றும் வெளிர் பழுப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூலை 2, வியாழன்

இந்த நோட்டில் இன்ஜின் விஷயம் மட்டும் எழுதுவது வழக்கம். இன்றைக்கு வேறு ஒன்றை எழுதிவிடுகிறேன், தலையிலிருந்து போனால் சரி.

போன வருடம் இதே ரேலி, நேரம் குறித்து ஓட்டுகிற தடங்களில் மூன்றாவது. கார்களை நிறுத்திப் பழுது பார்க்கிற கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். கோகிலாவின் பதினாலாம் நம்பர் கார் வந்திருக்க வேண்டிய நேரத்துக்குப் பதினைந்தாம் நம்பர் வந்தது. பிறகு பதினாறு. வயர்லெஸ் வைத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு நிமிடம். அதற்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். அவளை எந்தப் புடவையில் கிடத்துவது என்பது வரை நினைத்தேன்.

சோளக்காட்டுக்குள் கார் மூன்று தடவை உருண்டிருந்தது. கோகிலாவுக்குக் காறை எலும்பு முறிந்தது, நாற்பத்திரண்டு நாள் கட்டு. நிலோஃபருக்கும் நெற்றியில் என்னவோ தையல்.

முடிந்துபோன விஷயம். கட்டுப் பிரித்த அன்றே அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாள். நான்தான் இன்னும் அந்தக் கொட்டகையில் நிற்கிறேன் போலிருக்கிறது.

ஜூலை 5, ஞாயிறு

இன்னொரு செட் பிளக் தயார் செய்தேன். அதே நம்பர். சந்து மட்டும் 1.1. சும்மா ஒரு பரிசோதனைக்கு.

கோகிலா கடைவீதிக்குப் போயிருந்தபோது மாட்டி நானே அவினாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போனால் வித்தியாசமே தெரியாது. காலை முழுசாக அழுத்தினால் மட்டும், டர்போ அழுத்தம் ஏறும் இடத்தில் பொறி அணைந்து விக்குகிறது. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. கிலோமீட்டருக்கு மூன்று விநாடி போகும். அவ்வளவுதான்.

கழற்றி, பழையதை மாட்டிவிட்டேன்.

ஜூலை 6, திங்கள்

மருதமலைக் கோயிலுக்குப் போய் வந்தேன். கோகிலாவிடம் பார்ட்ஸ் வாங்கப் போனதாகச் சொன்னேன்.

ஜூலை 10, வெள்ளி

ரேலிக்காரர்களின் பரிசோதனை முடிந்து காரில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இந்தத் தடவையும் பதினாலு.

காற்று பேயாக அடிக்கிறது. கொட்டகைத் தார்ப்பாயை நாலு மூலையிலும் கல் வைத்துக் கட்டினோம். மெட்ராஸ் டீமின் மேனேஜர் வந்து கோகிலாவிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னிடமும் கை கொடுத்தார். “இன்ஜின் நீங்கதானா? சத்தமே அருமையா இருக்கு சார்.” நன்றி சொன்னேன். என் உள்ளங்கை ஈரமாக இருந்தது; அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஜூலை 11, சனி, காலை

கிளம்புவதற்கு முன் பிளக் மாற்றினேன். ரேலிக்குப் புதுப் பிளக் போடுவது எல்லோரும் செய்வதுதான். கோகிலா ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மெதுவாகப் போவாள். முழுசாகத் திரும்பி வருவாள். அது போதும்.

ஜூலை 11, சனி, மாலை

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

முதல் தடத்தில் ஏழாவது இடம். வந்ததும் கண்ணாடியை இறக்கி, “மாமா, மேல போனா விக்குதுங்க. வளைவுல இருந்து வெளிய வர்றப்ப ஆளைக் கைவிடுது” என்றாள்.

“பெட்ரோல் பிரஷரா இருக்கும். பாத்துக்கலாம். நீ மெதுவாப் போ.”

“மெதுவாப் போறதுக்குங்களா வந்தோம்?”

இரண்டாவதில் ஒன்பதாவது. நான் பெட்ரோல் குழாயைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பிரித்து, திரும்ப மாட்டினேன். அப்போதே பிளக்கை மாற்றியிருக்கலாம். நல்ல செட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மாற்றவில்லை. ஒன்பதாவது இடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

மூன்றாவது தடம். பதினாலு வந்திருக்க வேண்டும். பதினைந்து வந்தது.

பதினாறு வந்தது. வயர்லெஸ்காரரிடம் போய், “பதினாலு?” என்றேன். ஏழாவது கிலோமீட்டரில் தடத்தை விட்டு வெளியே போயிருக்கிறது என்றார். ஆளுக்கு என்ன என்று தெரியவில்லை. போன வருடம் கடவுளைத் திட்டினேன். இந்த வருடம் திட்ட ஆள் இல்லை. பையில் கிடந்த மூன்று பிளக்கும் நடக்க நடக்க ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

ஓடினேன். தடத்துக்குள் ஆள் போகக்கூடாது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்களிடம் என்ன சொன்னேனோ தெரியவில்லை. அப்போது கார் வந்தது. முன் பம்பர் இல்லை. ரேடியேட்டரில் முள்வேலி ஒரு கத்தை சிக்கியிருந்தது.

நிலோஃபர்தான் முதலில் இறங்கினாள். நாலு அடி நடந்து, குனிந்து வாந்தி எடுத்தாள். கோகிலா இறங்கி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். முகம் முழுக்கச் செம்மண்; கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

“கெணறு மாமா. மதில் இல்லாத கெணறு. வலது வளைவு. ஆக்சிலேட்டர் குடுத்தாத்தான் மூக்கு உள்ள திரும்பும். குடுத்தனுங்க. விக்கி நின்னுபோச்சு. வண்டி நேரா வேலியப் பிச்சுக்கிட்டுப் போகுது.” இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்துக் காட்டினாள். “இத்தனதானுங்க இருந்துச்சு. கல்லு ஒண்ணு உருண்டு உள்ள விழுந்துச்சு. தண்ணியில விழுற சத்தம் வர்றதுக்கு அத்தன நேரமாச்சு.”

அவளே பானெட்டைத் திறந்தாள். “பிளக்கக் கழட்டுங்க.” கழற்றினேன். என் டப்பாவிலிருந்து சந்து அளக்கிற ஃபீலர் கேஜை எடுத்து, தகடு ஒவ்வொன்றாக விட்டு அளந்தாள். தினமும் நூறு பம்புக்கு அளக்கிற கை.

“ஒண்ணு புள்ளி ஒண்ணு இருக்குதுங்க.”

“பெட்டியிலயே அப்பிடி வந்திருக்கும். நான் அளக்காம மாட்டிப்போட்டேன்.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

நல்ல செட்டை மாட்டினேன். கடைசித் தடத்தில் இரண்டாவது இடம். மொத்தத்தில் எட்டாவது. மெட்ராஸ்காரர் எங்கள் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

ஜூலை 12, ஞாயிறு, காலை

சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி நிலோஃபர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“பெட்டியில வரல. நான்தான் வெச்சேன். நீ மெதுவாப் போகோணும்னு வெச்சேன்.”

கோகிலா கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். “தெரியுமுங்க.”

“எப்பிடி?”

“மூணும் ஒரே அளவு. பெட்டியில அடிபட்டுத் தப்பா வந்திருந்தா ஒண்ணொண்ணும் ஒரு அளவா இருக்கும். மூணும் ஒண்ணாட்டம் இருந்தா அது கையால வெச்சது. நேத்தே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்களான்னு பாத்தனுங்க.”

“கோகிலா, போன வருஷம் நான்...”

“உங்களுக்குப் பயம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கோணும். ஓட்டாதேன்னு சொல்லியிருக்கோணும். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். எதுவோ பண்ணியிருப்பேன். அது நமக்குள்ள. எம்பட காலுக்குக் கீழ இருக்கிறதைத் திருடறதுக்கு உங்களுக்கு யாருங்க உரிமை குடுத்தா?”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

நிலோஃபர் தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, நீங்க பயந்தது இவளுக்கு. சரி. பக்கத்து சீட்ல நான் இருந்தனே, எனக்காக யாரு பயந்தாங்க?”

நெற்றியில் அவளுக்கு ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. இன்றைக்குத்தான் எண்ணினேன்.

கோகிலா நேற்று கடைசியாக மாட்டிய செட்டைக் கழற்றச் சொல்லி, மறுபடி தானே அளந்து, தானே மாட்டி முறுக்கினாள். பிறகு சொன்னாள்: “இன்னைக்கு நீங்க வண்டியத் தொடவேண்டாமுங்க. பக்கத்து டீம் மெக்கானிக் பாத்துக்கறேன்னிருக்காரு. அந்தக் கெணத்துகிட்ட இன்னைக்கு ஆள் போடறாங்களாம். கொடி புடிக்க ஆள் கேக்கறாங்க. உங்க பேரைக் குடுத்திருக்கிறேன். அங்க வந்து நின்னு பாருங்க.”

ஜூலை 12, ஞாயிறு, மாலை

கிணறு நான் நினைத்ததைவிடப் பெரிது. பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு. ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். நேற்றைய சக்கரத் தடம் மூட்டைக்குக் கீழே அப்படியே இருந்தது. அது முடிகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு ஒன்றரைச் சாண்.

கையில் மஞ்சள் கொடி கொடுத்தார்கள். ஏதாவது நடந்தால் ஆட்ட வேண்டும். பக்கத்தில் நின்றவர் ஊரைக் கேட்டார். கோயம்புத்தூர், கணபதி என்று சொல்வதற்குள் நாக்கு இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது. காற்றாலைச் சத்தத்தில் எந்தக் கார் வருகிறது என்றே கேட்கவில்லை. ஒவ்வொன்றும் அவளாகத் தெரிந்தது.

பதின்மூன்று போனது. இரண்டு நிமிடம்.

பிறகு கேட்டது. நான் செய்த இன்ஜின், எனக்குத் தெரியாதா. தூரத்தில் புழுதி எழுந்தது. மேட்டில் கார் தலை காட்டியது. இந்த வேகத்தில் இந்த வளைவா என்று நினைத்தேன், கொடியை இறுக்கிப் பிடித்தேன். பிரேக் விளக்கு எரிந்தது. நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே எரிந்தது. கார் பக்கவாட்டில் சரிந்தது, ஒரு கணம் மூக்கு நேராக என்னைப் பார்த்தது. அப்போது ஆக்சிலேட்டர் கொடுத்தாள். விக்கவில்லை. முன் சக்கரம் மண்ணைக் கவ்வி காரை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கிணற்றுக்கும் காருக்கும் நடுவே ஒரு லாரியே போகலாம்.

அவ்வளவுதான், இரண்டு விநாடி. கண்ணாடிக்குள் நிலோஃபரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏழு வருடமாக அவர்களுக்கு இன்ஜின் செய்கிறேன். ரேலியில் அவர்கள் ஓட்டி நான் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பயம் போகவில்லை. கார் போன பிறகும் கொடியை விடாமல் பிடித்திருந்தேன். பக்கத்தில் நின்றவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இன்றைய நாலு தடத்தில் மூன்றில் அவர்கள்தான் முதல். ஆனாலும் நேற்று இழந்த நேரத்தை எட்ட முடியவில்லை. எங்கள் கிளாஸில் மூன்றாம் இடம். சீட் வேறொருவருக்குப் போய்விட்டது. “ஞாயிற்றுக்கிழமை மாதிரி சனிக்கிழமையும் ஓட்டியிருந்தா உங்களுக்குத்தாம்மா” என்று மேனேஜர் கோகிலாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “வண்டியில ஒரு கோளாறுங்க” என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலோஃபரை அவள் கணவர் வந்து அழைத்துப்போனார். எங்களோடு வரவில்லை.

காரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நானும் கோகிலாவும் கிளம்பினோம். சூலூர் வந்ததும் கேட்டாள்.

“பயமா இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு.”

“எனக்கும் பயந்தானுங்க. பயமில்லாதவ அந்த மேட்டுல எதுக்கு பிரேக் புடிக்கோணும்?”

அப்புறம் வீடு வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 13, திங்கள்

நிலோஃபருக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 16, வியாழன்

கோகிலா சாப்பாடு போடுகிறாள். உப்பு வேண்டுமா என்று கேட்கிறாள். அதற்கு மேல் இல்லை.

ஜூலை 18, சனி

நிலோஃபரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. உள்ளே டிவி சத்தம், குழந்தைகள் இரண்டும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கணவரிடம் அவள் சொல்லவில்லையாம். சொன்னால் அதோடு ரேலி முடிந்தது.

“மன்னிச்சிரும்மா” என்றேன். யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

“மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப வரலண்ணா.” கொஞ்ச நேரம் கதவு நாதாங்கியை ஆட்டிக்கொண்டு நின்றாள். “செப்டம்பர்ல ஒரு ரேலி இருக்குது. கோகி கேட்டா. அவ ஓட்டுனா நான் உக்காருவேன். உங்க இன்ஜினைவிட நல்ல இன்ஜின் எங்களுக்குக் கெடைக்காது, அதுவும் தெரியும். ஆனா அந்த அளவை எப்படிப் பாக்கறதுன்னு எனக்குக் கத்துக்குடுக்கோணும்.”

ஜூலை 19, ஞாயிறு

பத்து மணிக்கு நிலோஃபர் கடைக்கு வந்தாள். கோகிலா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தானும் பக்கத்தில் நின்றாள்.

செப்டம்பருக்குப் புதுச் செட். ஒரு படி கூல், சந்து 0.6. மூன்றுக்கும் அளவு வைத்து மேஜையில் அடுக்கினேன். தகடு உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது என்று சொன்னேன். பிளக்கின் நுனி இரிடியம், ரொம்ப மெல்லிசு, அதைத் தொடாமல் பார்க்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். காசு எண்ணுகிற கை என்பதால் சீக்கிரம் பிடிபட்டது.

முதலாவது சரி என்றாள். இரண்டாவது சரி. மூன்றாவதில் தகட்டை இரண்டு முறை விட்டு எடுத்தாள்.

“இது இறுக்கமா இருக்குதுண்ணா.”

வாங்கி அளந்தேன். இருந்தது, ஒரு முடி அளவுக்கு. என் கை இன்னும் முழுசாக நிலைக்கவில்லை. மறுபடி வைத்துக் கொடுத்தேன். மறுபடி அளந்தாள். கோகிலாவிடம் நீட்டினாள், அவளும் அளந்தாள்.

பிளக்கைப் பெட்டியில் அடுக்கி, அலமாரியில் வைக்க நான் கையை நீட்டினேன். நிலோஃபர் என் கையைப் பார்த்தாள். பெட்டியை மூடி, அதன்மேல் பேனாவால் தன் பெயரை எழுதி, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“ரேலி அன்னைக்குக் காலைல கொண்டு வர்றேன்” என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.